ஏட்டினுள் அசையும் வரைபடம்

எண்களை அட்டவணையாக அடுக்கிக் கொடுத்தால் மாணவர் மனனஞ் செய்வர். அவற்றையே உயர்ந்தும் தாழ்ந்தும் அசையும் கோல்களாகக் காட்டினால், ஏன் என்று வினவுவர். இஃது ஆசிரியர் யாவரும் அறிந்த உண்மை. பி.டி.எஃப். என வழங்கும் மின்னேட்டினுள் அத்தகைய அசையும் வரைபடத்தைப் பதிக்க இயலுமா? பதித்தால், நம் மலையகப் பிள்ளைகளிடம் அஃது அசைந்தபடியே சென்று சேருமா? இவையே இங்கு நாம் ஆராயப் புகும் வினாக்கள்.

நிகழ்படம் இருக்க, ஏடு எதற்கு எனச் சிலர் கேட்கலாம். 2021ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடியிருந்த காலத்தில், நம் பதுளை மாவட்டத்துப் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் தொலைபேசி அலை தேடிக் காட்டுவழியே பாறையுச்சிக்கு ஏறிய செய்தி உலகெங்கும் பரவிற்று. லுணுகலையைச் சூழ்ந்த ஹொப்டன், அடாவத்தை போன்ற தோட்டங்களின் பெற்றோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மின்னேட்டையோ ஒருமுறை இறக்கிக்கொண்டாற் போதும். அதன்பின் அலை இல்லாத லயத்திலும் திறந்து படிக்கலாம்.

உதாரணமாக ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். குடிசன மதிப்பீடுகளில் 'இந்தியத் தமிழர்' எனப் பதியப்பட்டோர் 1946இல் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம். 1953இல் 9 இலட்சத்து 74 ஆயிரம். 1963இல் 11 இலட்சத்து 23 ஆயிரம். 1971இல் 11 இலட்சத்து 75 ஆயிரம். 1981இலோ 8 இலட்சத்து 19 ஆயிரமாகக் குறைந்தனர். 2012இல் 8 இலட்சத்து 40 ஆயிரம். ஏறிவந்த கோல் திடீரெனச் சரியும்போது பிள்ளை திடுக்கிட்டுக் காரணம் கேட்கும். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும், தலைமன்னார் வழியே கப்பலேறிய குடும்பங்களையும் சொல்ல அதுவே தருணம். குடியுரிமை பெற்றோருட் சிலர் 'இலங்கைத் தமிழர்' எனப் பதிந்ததையும் உடன் கூறல் வேண்டும்.

இனி, செய்முறை. கொப்பியின் மூலையில் தாள்தோறும் படங்கீறி, விரைந்து புரட்டி மகிழாத சிறுவர் உண்டோ? லாடெக் என்னும் அச்சுக்கோப்பு முறைமையிலே, அலெக்சாண்டர் கிரான் ஆக்கிய 'அனிமேட்' என்னும் பொதி இதனையே செய்கின்றது. ஆண்டுக்கு ஒன்றாக வரைந்த ஆறு படங்களையும் கண்ணாடித் தாள்கள் போல் ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, ஏட்டினுள் பொதிந்த சிறு கட்டளை நிரல் ஒன்றை மட்டும் காட்டி ஏனையவற்றை மறைக்கும். பொத்தானை அழுத்தினால் ஓடும், நிறுத்தினால் நிற்கும். இலவசமாகக் கிடைக்கும் முறை இது.

ஆயினும், ஓர் இடர் உண்டு. கணினியில் அடோபி வாசிப்பானிற் செவ்வனே ஓடும் இப்படம், கைத்தொலைபேசியின் பெரும்பாலான வாசிப்புச் செயலிகளில் அசைவதில்லை. முதற்படம் மட்டும் நின்றுவிடும். எங்கும் ஒரேவிதமாகத் தோன்றவேண்டும் என்று 1993இல் உருவான ஏட்டு முறையில் அசைவு என்பது பின்வந்த விருந்தாளியே. 2008இல் அடோபி நிறுவனம் அக்ரோபாட் 9 வாயிலாக ஃபிளாஷ் படங்களை ஏட்டினுள் ஓடச் செய்தது. 2020 முடிவில் ஃபிளாஷே கைவிடப்பட, அப்படங்களும் உறங்கிப்போயின. நம் பிள்ளைகளுட் பலரிடம் இருப்பதோ கைத்தொலைபேசி ஒன்றே. அதுவும் தந்தை வேலை முடிந்து வந்த பின்னரே கிட்டும்.

பரிகாரம் எளிது. ஒவ்வொரு படத்திலும் முந்திய கோல்களை அழிக்காது புதிய கோல் ஒன்றைச் சேர்த்துக்கொண்டே செல்க. இறுதிப் படத்தில் ஆறு கோல்களும் ஆண்டும் எண்ணும் தாங்கி நிற்கும். அசையாத வேளையிலும், அச்சிடும்போதும் அவ்விறுதிப் படமே தோன்றுமாறு பொதியிற் குறித்துவிடலாம். அவ்வாறு செய்தால் கணினியுள்ள பிள்ளை அசைவைக் காணும். கைத்தொலைபேசிப் பிள்ளையும் அச்சுத்தாட் பிள்ளையும் முழுக் கதையையும் காண்பர். ஒருவர்க்கும் பாடம் குறைவுபடாது.

சுவரிருந்தாற்றான் சித்திரம் எழுதலாம் என்பர் நம் முன்னோர். அசையாது நிற்கும் நல்ல படமே சுவர். அசைவு அதன்மேல் எழுதும் சித்திரம். பாடம் ஆயத்தஞ் செய்யும் ஆசிரியர்கள் முதலிற் சுவரை எழுப்புவார்களாக!