பானுமதியின் நகைச்சுவை

நடிகை என்பவர் பிறர் எழுதியதைப் பேசுபவர் என்றே பலர் எண்ணினர். அவ்வெண்ணத்தை 1936-லேயே டி. பி. ராஜலட்சுமி தகர்த்தார், தாம் புனைந்த நாவலையே 'மிஸ் கமலா' எனப் படமாக்கி இயக்கினார்.

அவ்வழியில் வந்தவர் பானுமதி (1925–2005). அவர் இயக்கிய 'சண்டிராணி' 1953-இல் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மும்மொழிகளிலும் வெளிவந்தது. இரட்டையராகத் தோன்றியவரும் அவரே. ஒருத்தி சாது, மற்றவள் அடங்காப்பிடாரி. ஒரே முகத்தை இருமுறை பதிவு செய்வது அந்நாளில் எளிதன்று. அதையும் மொழிதோறும் செய்யவேண்டும்!

தெலுங்கில் அவர் எழுதிய 'அத்தகாரி கதலு' என்னும் மாமியார் கதைகளே அவரது நகைச்சுவைக்குச் சிறந்த சான்று. மாமியாரின் ஆசாரமும் பிடிவாதமும் மருமகள் வாயிலாக வெளிப்படுகின்றன. நகைப்புண்டு, பகையில்லை, அவ்வளவு எளிதில் கைவராத கலை அது என்பேன். 1966-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற பின்னரும், 1975-இல் 'இப்படியும் ஒரு பெண்' என்னும் தமிழ்ப்படத்தை இயக்கினார்.