விடாத காய்ச்சல்: லூபஸா, கிருமியா?

1950 டிசம்பரில் அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர், ஜார்ஜியாவிலிருந்த வீட்டுக்கு ரயிலில் போகும்போதே நோயில் விழுந்தார். வயது 25. மூட்டுவாதம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். கடும் காய்ச்சலோடு மருத்துவமனையில் கிடந்த பிறகே லூபஸ் என்று தெரிந்தது. அவருடைய அப்பாவின் உயிரைக் குடித்ததும் அதே நோய்தான். அன்றைக்குப் புதிதான ஏ.சி.டி.எச். ஹார்மோன் ஊசி அவரைப் பிழைக்க வைத்தது. 1964இல், 39 வயதில் இறந்தார்.

இரண்டு காய்ச்சல்கள்

லூபஸில் நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்குகிறது. நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். நோய் சீறும்போது காய்ச்சல் வரும். ஆனால் நோயை அடக்க ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்குக் காசநோயும் சிறுநீர்த் தொற்றும்கூட எளிதில் வரும். லூபஸ் காய்ச்சலுக்கு எதிர்ப்பாற்றலை அடக்க வேண்டும். கிருமிக் காய்ச்சலில் அப்படி அடக்கினால் உயிருக்கே ஆபத்து. சிகிச்சையின் கடினமான பகுதி இதைப் பிரித்தறிவதுதான்.

ரத்தத்தில் வெள்ளணுக்களும் சி3, சி4 புரதங்களும் குறைந்திருந்தால் லூபஸ் மேல் சந்தேகம் போகும். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. புரதம் மிக உயர்ந்தால் முதலில் கிருமியைத் தேட வேண்டும். எந்த ஒரு சோதனையும் தனியாக முடிவு சொல்லிவிடாது.

பயாலஜிக் ஊசிகள்

காய்ச்சல் லூபஸால்தான் என்று உறுதியானால் ஸ்டீராய்டு வேகமாகத் தணிக்கும். அளவைக் குறைக்கும்போதெல்லாம் காய்ச்சல் திரும்புகிறவர்களுக்குத்தான் பயாலஜிக் எனப்படும் புரத ஊசி மருந்து தேவைப்படலாம். 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெலிமுமாப், அரை நூற்றாண்டுக்குப் பின் லூபஸுக்கென்றே வந்த முதல் புதிய மருந்து. 2021இல் அனிஃப்ரோலுமாப் வந்தது. இது நோய் எதிர்ப்பைத் தூண்டும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தின் வேலையைத் தடுக்கிறது. மஞ்சள் காமாலைக் கிருமிக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டவர்கள் காய்ச்சலிலும் உடல்வலியிலும் துவண்டதை நினைத்தால், இந்தத் தடுப்பின் பொருள் புரியும். ஒரு பெரிய ஆய்வில் 52 வாரம் கழித்து, அனிஃப்ரோலுமாப் பெற்றவர்களில் சுமார் 48 சதவீதத்தினருக்கும், வெற்று மருந்து பெற்றவர்களில் 32 சதவீதத்தினருக்கும் நோய் தணிந்திருந்தது. பெரிய முன்னேற்றம்தான், ஆனால் எல்லாருக்கும் பலிப்பதல்ல. முழுப்பலன் தெரிய மாதங்கள் ஆகும். லூபஸுக்கு வழக்கமாகத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை கூடவே தொடரும்.

ஊசிக்கு முன்னும் பின்னும்

நம் நாட்டில் காசநோய்ச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. மஞ்சள் காமாலை பி கிருமியையும் பார்க்க வேண்டும். முக்கியமாக, பழைய கிருமியைத் தட்டி எழுப்பக்கூடிய ரிட்டுக்ஸிமாப் என்ற இன்னொரு பயாலஜிக் போடும் முன். அனிஃப்ரோலுமாப் அக்கி வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. அதற்கான தடுப்பூசியை முன்கூட்டியே கேட்கலாம்.

ஊசி தொடங்கிய பிறகு காய்ச்சல் வந்தால் பாராசிட்டமாலை விழுங்கிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. பயந்துபோய் ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. கடைசி ஊசி போட்ட தேதியையும் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.