அக்கா, இங்கே ஒரு கையெழுத்து!

குடும்பம் என்று பேச்செடுத்தாலே பெரியவர்கள் சொல்லும் முதல் புத்திமதி, விட்டுக்கொடுத்துப் போ. ஆனால் தமிழில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. 'கட்டிக்கொடுத்து இத்தனை வருஷம் ஆச்சு, பிறந்த வீட்டை யார்கிட்டயும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டா' என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் அது பெரிய பாராட்டு. அப்பாவின் கருமாதி முடிந்த கையோடு அதே பெண்ணைக் கூப்பிட்டு, 'நீதாம்மா விட்டுக்கொடுக்கணும்' என்கிறது அதே பிறந்த வீடு.

அதற்குப் பத்திரப்பதிவில் உள்ள பெயர் விடுதலைப் பத்திரம். பொதுச் சொத்தில் பாத்தியதை உள்ள ஒருவர், தன் பங்கை மற்ற பங்குதாரருக்கு விட்டுத் தருவது. 'யாருடைய தூண்டுதலும் இன்றி, மனப்பூர்வமாக' என்று அதில் எழுதியிருக்கும். 'இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியதையும் இல்லை' என்றும் இருக்கும். கையெழுத்துப் போடுகிற அக்காவுக்கோ தங்கைக்கோ இதைப் படித்துக் காட்டுவது யார்? சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர எழுத்தர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்து, பிறகு கைரேகை, போட்டோ. மதியம் ஓட்டலில் சாப்பாடு, கையில் ஒரு பட்டுப்புடவை. பட்டா மாற்றத்துக்கு ஏதோ கையெழுத்து கேட்டார்கள் என்றுதான் பல பெண்கள் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் கவலையெல்லாம் இதுதான்.

'நகை போட்டோம், சீர் செய்தோம், உன் பங்கு அதிலேயே தீர்ந்துவிட்டது' என்று வீட்டில் சொல்வார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சீர் வாங்கியதால் வாரிசுரிமை போய்விடாது. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. உயில் எழுதாமல் இறந்த இந்துத் தகப்பனின் சுயசம்பாத்தியத்தில் மகனுக்குச் சமமான பங்கு மகளுக்கு 1956-லேயே வந்துவிட்டது. பூர்வீகச் சொத்துக்குத் தமிழ்நாடு 1989-ல் வழி திறந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்கள் வெளியே நின்றார்கள். மத்திய அரசின் 2005 திருத்தம் அந்தத் தடையையும் நீக்கியது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, உரிமை பிறப்பிலேயே வருகிறது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாக முடிந்த பாகப்பிரிவினைகளை இது தொடாது.

சட்டம் இவ்வளவு தூரம் நடந்து வந்து கொடுத்ததை ஒரே மதியத்தில் எழுதி வாங்கிவிடுகிறார்கள். மறுத்தால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். தாய்மாமன் சீர் வராது, பொங்கல் வரிசை நிற்கும், மகள் கல்யாணத்தில் சபையில் எழுந்து நிற்க ஆள் இருக்காது. 'சொத்து வேணுமா, அண்ணன் தம்பி வேணுமா?' என்ற கேள்வியை எந்த அண்ணனிடமும் யாரும் கேட்டதில்லை.

அம்மா அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட தம்பிக்கு மனமுவந்து எழுதிக் கொடுத்த அக்காக்களும் உண்டு. அது அவர்கள் விருப்பம். தெரியாமலோ பயந்தோ கையெழுத்துப் போட்டவளின் நிலைதான் வேறு.

பதிவான விடுதலைப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் தானாக ரத்து செய்ய முடியாது. சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டும். ஏமாற்றியோ வற்புறுத்தியோ வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் பெரும்பாலும் அவள் தலையில்தான் விழும். ஏமாற்றிய விஷயம் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். கூடப்பிறந்தவன் மேல் வழக்குப் போட எத்தனை பேருக்கு மனம் வரும்?

ஆகவே சகோதரிகளே, கையெழுத்துக்கு முன்னால் பத்திர நகலை வீட்டுக்கு வாங்கி வாருங்கள். சொத்து விவரத்தையும் சர்வே எண்ணையும் படியுங்கள். உங்களுக்கென்று ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம்.