கீசர்: காசும் கரண்டும் கசியும் இடங்கள்

மார்கழியில் விடியற்காலை போட்ட கீசர், வீட்டின் கடைசி ஆள் குளித்து ஆபீஸ் கிளம்பும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். கேட்டால், ‘தெர்மோஸ்டாட் தானாக நிறுத்திவிடுமே’ என்பார்கள். நிறுத்தும்தான். தண்ணீர் ஆறினால் மறுபடி தானே போட்டுக்கொள்ளவும் செய்யும்.

ஒரு சின்னக் கணக்கு. குழாய்த் தண்ணீர் 28 டிகிரி இருக்கிறது. 20 லிட்டர் வாளியை இதமான சூட்டுக்கு விளாவ, 60 டிகிரி வெந்நீர் 8 லிட்டர் போதும். அதைக் காய்ச்ச மூன்றில் ஒரு யூனிட் கூட ஆகாது. நாலு பேர் குளித்தாலும் நாளுக்கு 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். அதற்கு மேல் கீசர் இழுப்பதெல்லாம் காய்ச்சிய தண்ணீரைக் காவல் காக்கும் செலவு. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படிகளின் கட்டணமும் கூடிவிடுவதால், எல்லையில் நிற்கும் வீடுகளுக்கு இந்தக் காவல் செலவு நன்றாகவே வலிக்கும்.

நட்சத்திர லேபிள் அளப்பதும் இதைத்தான். தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் சுடுகிறது என்பதற்கு அதில் மதிப்பெண் இல்லை. சூடான டேங்க் 24 மணி நேரத்தில் இழக்கும் வெப்பத்தை ஈடுகட்ட எத்தனை யூனிட் ஆகிறது என்பதே அளவுகோல். ஆகவே குளிப்பதற்கு அரை மணி முன் போட்டு உடனே அணைப்பவருக்கு நட்சத்திரத்தைவிட டேங்கின் அளவு முக்கியம். இரண்டு பேர் வாளியில் குளிக்கும் வீட்டுக்கு 25 லிட்டர் கீசர் தண்டம்.

சிக்கனம் என்று 40 டிகிரியில் வைத்து நாள்கணக்கில் தண்ணீரைத் தேக்குவது தவறு. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளர அந்தச் சூடு தோதானது. 1976இல் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்குப் போனவர்களைத் தாக்கிய பிறகுதான் அது கண்டறியப்பட்டது. 60 டிகிரியில் வையுங்கள். ஆனால் விளாவாத 60 டிகிரி தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். குழந்தையைக் குழாயடியில் தனியே விடாதீர்கள்.

போர்வெல் உப்புத் தண்ணீரில் காயில் மீது உப்புப் படிந்து, அதன் உறை விரிசல் விட்டால் தண்ணீரில் மின்சாரம் கசியும். முறையான எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் இல்லாத வீட்டில் கீசர் மாட்டவே கூடாது. பாதுகாப்பு வால்வில் தண்ணீர் சொட்டுகிறதென்று அதை அடைப்பது வெடிப்பை விலைக்கு வாங்குவது. கேஸ் கீசர் என்றால் மூடிய குளியலறைக்குள் வேண்டவே வேண்டாம். அதில் உருவாகக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழுள்ள உரிம எண்ணைப் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுப் பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். டேங்குக்கும் காயிலுக்கும் வாரண்டி காலம் வேறு வேறாக இருக்கும். அட்டையில் எழுதி வாங்குவது நல்லது.

பழுதான கீசரை மாற்றித் தராமல் இழுத்தடித்தால் முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மாற்றுப் பொருளோ பணமோ, அதோடு இழப்பீடும் கேட்கலாம். வக்கீல் கட்டாயமில்லை, பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.