சித்திரத்தைக் குத்தகைக்கு விடுதல்

ஊராட்சிக்குச் சொந்தமான புளியமரங்களின் மகசூலை ஏலம் விடும் முறையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நன்கு அறிவர். ஏலம் எடுத்தவர் அவ்வாண்டுப் புளியை உலுக்கிக்கொண்டு போகிறார். மரம் ஊராட்சிக்கே உரியதாக நிற்கிறது. ஆனால், கிராமத்துச் சித்திரக்காரர் தம் சித்திரத்தைத் துணி வணிகரிடம் கொடுக்கும்போது, அநேகமாக மரத்தையே வேரோடு கொடுத்துவிடுகிறார். கொடுத்ததை அவர் அறிவதுமில்லை.

இதை எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். திண்டுக்கல்லுக்கு மேற்கேயுள்ள சமவெளியில் கண்வலிக்கிழங்கு பயிரிடும் விவசாயி ஒருவரின் மகன், தம் தோட்டத்துச் செங்காந்தள் மலரை லினோலியத் தகட்டில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுத்திருந்தார். வணிகர் ஒருவர் அதைக் கண்டு, சேலையில் அச்சிட்டுக்கொள்வதாகச் சொல்லி மூவாயிரம் ரூபாய் கொடுத்தார். சேலைகள் நூற்றுக்கணக்கில் விற்றன. இரண்டாண்டு கழித்து, அதே மலர் வேறொருவர் தயாரித்த படுக்கை விரிப்பிலும் தலையணை உறையிலும் கடைவீதியில் தொங்குவதை இளைஞர் பார்த்தார். கையிலிருந்த ஒரே காகிதத்துடன் நம் அலுவலகத்திற்கு வந்தார். ‘படத்துக்காக ரூ. 3,000 பெற்றுக்கொண்டேன்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

செங்காந்தள் எவருடைய சொத்தும் அன்று. மாங்காய், அன்னம், சக்கரம் என்று வழிவழியாக வரும் அச்சுகளையும் எவரும் தமது என்று கூற இயலாது. ஆனால், அம்மலரை ஒருவர் தம் கண்ணால் கண்டு தம் கையால் செதுக்கிய விதம் அவருடையது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அவ்வுரிமையை, சித்திரம் உருவான அன்றே, பதிவு எதுவும் இன்றி அவருக்கு அளிக்கிறது. அவர் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் அது நிலைக்கும்.

இவ்வுரிமையைக் கிரயமும் செய்யலாம், குத்தகைக்கும் விடலாம். குத்தகையைச் சட்டம் உரிமம் என்கிறது. இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தச் சித்திரம், எந்தப் பொருளில் அச்சிட, எத்தனை ஆண்டுக்கு, எந்தப் பிரதேசத்தில், என்ன தொகைக்கு என்பவை அதில் காண வேண்டும். காலம் குறிக்கப்படாவிடில் ஐந்து ஆண்டு என்றும், பிரதேசம் குறிக்கப்படாவிடில் இந்தியா என்றும் சட்டமே வைத்துக்கொள்ளும். ஒற்றிய தாளையோ செதுக்கிய தகட்டையோ விலைக்கு வாங்கியவருக்கு, அதனாலேயே பதிப்புரிமை போய்ச் சேர்ந்துவிடாது.

ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண்மணி பண்டுக் மரிகா லினோலியத்தில் செதுக்கிய உடும்புச் சித்திரத்தையும், வேறு சில கலைஞரின் சித்திரங்களையும், அனுமதியின்றிக் கம்பளங்களில் நெய்து வியட்நாமிலிருந்து இறக்குமதி செய்தார்கள். அந்நாட்டு நீதிமன்றம் 1994-ல் கலைஞர்களுக்கு 1,88,000 டாலருக்கும் மேற்பட்ட நஷ்டஈடு விதித்தது.

ஆகவே, நம் இளைஞர் எழுதிக் கொடுத்த ரசீது கிரயப் பத்திரம் ஆகாது. இதைக் கேட்டு அவர் முகம் தெளிந்தது. அடுத்த விதியைச் சொல்ல நமக்குத்தான் மனம் வரவில்லை.

அது பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் இருக்கிறது. துணி போன்ற பொருளில் அச்சிடத்தக்க வடிவம், வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவாகாமல், உரியவராலோ அவர் இசைவாலோ தொழில்முறையில் ஐம்பது முறைக்கு மேல் அச்சாகிவிட்டால், அவ்வடிவத்தின் பதிப்புரிமை அத்துடன் ஒழிகிறது. ஐம்பத்தோராவது சேலை அச்சானபோதே, துணியைப் பொறுத்தவரை இளைஞரின் பிடி தளர்ந்துவிட்டது. விரிப்புத் தயாரித்தவரைக் கேட்க அவருக்கு வழியில்லாமற் போயிற்று. இவ்விதி ஏழைக் கலைஞருக்குக் கடுமையானதே என்பது நம் எண்ணம். எனினும், அது உள்ளவரை அதை அறிந்து நடக்க வேண்டியிருக்கிறது.

பரிகாரம் எளியது, முன்கூட்டியே செய்தால் மட்டும் பயன்படும். 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி, கல்கத்தாவிலுள்ள காப்புரிமை அலுவலகத்திற்கு விண்ணப்பித்துப் பதிவு செய்தால், பத்தாண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டும் பாதுகாப்பு உண்டு. துணி கடைக்குப் போகுமுன் விண்ணப்பிக்க வேண்டும். வெளிவந்த வடிவம் புதியதாகக் கருதப்படாது. பதிவு செய்யக் கருதியுள்ள புதிய துணி வடிவத்திற்கு, இரகசியமாகப் பெறும் முதல் ஆர்டரை மட்டும் சட்டம் வெளியீடாகக் கொள்வதில்லை. நாட்காட்டி, வாழ்த்து அட்டை போன்றவை இப்பதிவுக்கு உட்படாதவை. அவற்றில் பதிப்புரிமையே தொடர்ந்து காக்கும். அந்தச் செங்காந்தளை நாட்காட்டிக்குக் குத்தகை விட இளைஞருக்கு இன்றும் தடையில்லை.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் கிடைத்த புவிசார் குறியீடு வேறு வகை. அது ஊரின் பெயரைக் காக்கும். தனியொருவரின் சித்திரத்தை அன்று.

தொகையைப் பற்றியும் ஒரு சொல். சேலைக்கு ஐந்து ரூபாய் என்று பேசினால், ஆயிரம் சேலைக்கு ஐயாயிரம் வரும். விற்பனை வளர வரும்படியும் வளரும். ஆனால், வணிகரின் கணக்கை மூன்று மாதத்திற்கொரு முறை பார்க்கும் உரிமையை எழுதி வாங்காவிடில், இந்த ஏற்பாடு காகிதத்தோடு நின்றுவிடும். மொத்தத் தொகை வாங்குவது தவறென்று நாம் சொல்லவில்லை. விதைப்புக்குப் பணம் தேடும் வீட்டில் கைக்கு வரும் ரொக்கத்தின் அருமை நமக்குத் தெரியும். அப்படி வாங்கினாலும், ‘சேலைக்கு மட்டும், இரண்டாண்டுக்கு’ என்ற மூன்று சொற்களைச் சேர்த்து எழுதச் செலவொன்றும் இல்லை.

சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்ற சின்னாளபட்டி நமக்கு அருகிலேயே இருப்பதால், இத்தகைய பேரங்கள் நம் கிராமங்களுக்கு இனியும் வரும். கையெழுத்திடுமுன் காகிதத்தை உரக்கப் படித்துக் காட்டிச் சாட்சியாக நிற்க அங்கத்தினர்கள் முன்வரலாம். தகராறு எழுந்தால், பெண்களும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினரும், வருமானம் குறைந்தோரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெறலாம்.

நம் இளைஞர் இப்போது சிறுமலை வாழைத் தாரைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார். விண்ணப்பத்தை அனுப்பிய பின்னரே வணிகருக்குக் காட்டப் போவதாகச் சென்ற வாரம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.