"லைக்" விழுந்தால் போதுமா? கணக்கு உதைத்தால் 3 ஆண்டு "அவுட்"!

செல்போன் பிரசாரத்துக்கு பட்ஜெட் போடும் வேட்பாளர்கள் உஷார்

ஒரு காலத்தில் தேர்தல் வந்துவிட்டால் பசை வாளியும் ஏணியுமாக ஆட்கள் ராத்திரியில் கிளம்புவார்கள். விடிந்து பார்த்தால் தெருச் சுவர் முழுக்க சின்னம்!

இப்போது சுவர் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. பீச்சில் மின்சார ரெயில் ஏறி செல்போனைத் திறந்தால், தாம்பரம் போய்ச் சேருவதற்குள் நாலு வேட்பாளர் கும்பிடு போட்டுவிடுகிறார்.

"இதுக்கெல்லாம் என்ன பெரிய செலவு? நம்ம பசங்க சும்மா போட்டுடுவாங்க" என்று நினைக்கிற வேட்பாளர்கள் உண்டு. அங்கேதான் இருக்கிறது வில்லங்கம்!

எது எது செலவு?

2013 அக்டோபர் 25-ந் தேதி தேர்தல் கமிஷன் ஒரு உத்தரவு போட்டது. இன்டர்நெட் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் விளம்பரப் பணம், வீடியோவும் படமும் தயாரிக்கும் கூலி, வேட்பாளரின் பக்கத்தைக் கவனிக்கும் ஆட்களின் சம்பளம் - மூன்றுமே தேர்தல் செலவுதான்.

பேஸ்புக், இ-மெயில் போன்ற கணக்குகளை மனு தாக்கலின்போதே பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

காசு கொடுத்துப் போடும் விளம்பரத்துக்கு முன்கூட்டியே சர்டிபிகேட்டும் வாங்க வேண்டும். கட்சியும் வேட்பாளரும் 3 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். மற்றவர்கள் என்றால் 7 நாள். சொந்தப் பக்கத்தில் காசில்லாமல் போடும் கருத்துக்கு மட்டும் இது தேவையில்லை.

40 லட்சத்தில் எவ்வளவு?

தமிழ்நாட்டில் சட்டசபை வேட்பாளரின் செலவு வரம்பு 2022 ஜனவரியில் ரூ.40 லட்சமாகவும், பாராளுமன்ற வேட்பாளருக்கு ரூ.95 லட்சமாகவும் உயர்த்தப்பட்டது. மேடை, மைக், வேன், டீ, நோட்டீஸ் எல்லாம் இதற்குள்தான்.

உதாரணத்துக்கு, பத்தில் ஒரு பங்கான ரூ.4 லட்சத்தை இன்டர்நெட்டுக்கு ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். விளம்பரத்துக்கு 2 லட்சம். வீடியோவுக்கு 75 ஆயிரம். குரல் செய்தி, எஸ்.எம்.எஸ்.சுக்கு 50 ஆயிரம். மூன்று பையன்களுக்கு தலா 15 ஆயிரம் வீதம் 45 ஆயிரம். மீதி 30 ஆயிரம் அவசரத்துக்கு. பெட்டிக்கடைக்காரர் போடுகிற கணக்கு மாதிரிதான். முதலில் எழுதி வைத்தால் பிறகு முழிக்க வேண்டியதில்லை.

மனு வாபஸ் முடிந்து ஓட்டுப்பதிவுக்கு குறைந்தது 14 நாள் இடைவெளி உண்டு. முதல் மூன்று நாளிலேயே 2 லட்சத்தையும் கொட்டிவிட்டால், ஜனம் யோசிக்கிற கடைசி வாரத்தில் கை காலி!

தொகுதி தாண்டினால் தண்டம்

சென்னையில் 16 சட்டசபை தொகுதிகள். பாரிமுனைக் கடையில் வேலை பார்ப்பவருக்கு ஓட்டு பெரம்பூரில் இருக்கும். பகல் நேரத்தில் துறைமுகம் தொகுதி வேட்பாளரின் விளம்பரம் அவர் செல்போனில் வந்தால் யாருக்கு லாபம்? காசு போனதுதான் மிச்சம். ஜனம் வீடு திரும்பிய பிறகு, ராத்திரி நேரத்தில் தெரிகிற மாதிரி போட்டால் இந்த நஷ்டம் குறையும்.

கணக்கு எப்படி?

மனு கொடுத்த நாளில் இருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரை ஆகும் செலவு கணக்கில் வரும். முன்பே எடுத்து வைத்த வீடியோவை மனு கொடுத்த பிறகு ஓட்டினால் அதுவும் சேரும்.

இதற்கென்று தனி பாங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். ஒருவருக்கு ரூ.10 ஆயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. முடிவு வெளியான 30 நாளுக்குள் முழுக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் ஒப்படைக்காவிட்டால் 3 ஆண்டு தேர்தலில் நிற்க முடியாது. ஜெயித்தவரையும் இந்தச் சட்டம் விடாது.

ஓட்டை எங்கே?

வேட்பாளருக்குத்தான் வரம்பு. கட்சிக்கு வரம்பு கிடையாது! வேட்பாளர் பெயரோ படமோ இல்லாமல் கட்சிக்காகப் பொதுவாகச் செய்யும் விளம்பரம் எத்தனை கோடி ஆனாலும் அவர் கணக்கில் ஏறாது. 4 லட்சத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் சுயேச்சை இதற்கு முன்னால் எப்படி நிற்பார்?

இன்னொன்று, பெயர் தெரியாத பக்கங்கள். வேட்பாளரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அவருக்காக வேறொருவர் செலவு செய்வது குற்றம். ஆனால் பக்கம் யாருடையது என்றே தெரியாவிட்டால் யாரைப் பிடிப்பது?

காகித நோட்டீசில் அச்சடித்தவர், வெளியிட்டவர் பெயர், விலாசம் இல்லாவிட்டால் 6 மாதம் வரை ஜெயில். செல்போன் விளம்பரத்தில் யார் பணம் கொடுத்தது என்ற வரியைத் தேடிப் பார்க்க வேண்டியது ஜனங்களின் வேலை. கூகுள், பேஸ்புக் விளம்பரங்களில் அந்த விவரம் 2019-ல் இருந்து இந்தியாவில் கிடைக்கிறது.

ஓட்டுப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் பிரசார விளம்பரம் கூடாது. மீறினால், கமிஷன் சொன்ன 3 மணி நேரத்தில் எடுத்துவிடுவதாக 2019-ல் இன்டர்நெட் கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. 3 மணி நேரத்தில் ஒரு பொய் எத்தனை தெரு சுற்றும் என்பதை வாக்காளர்தான் யோசிக்க வேண்டும்.

விதிமீறலைக் கண்டால் புகார் செய்ய "சி-விஜில்" என்ற செல்போன் வசதியை 2018-ல் தேர்தல் கமிஷன் கொண்டு வந்தது. புகாருக்கு 100 நிமிடத்தில் நடவடிக்கை என்பது ஏற்பாடு.

கும்பிடு போடும் படத்தைப் பார்த்ததும் தள்ளிவிடாமல், "இதுக்கு யார் துட்டு?" என்று ஒரு நிமிடம் பாருங்கள். ஓட்டு உங்களுடையது!