மேசைப்பந்து மட்டையும் காபன் இழையும்



யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றில் மேசைப்பந்து ஆடும் மாணவன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கனடாவில் வாழும் அவனுடைய மாமா ஊருக்கு வரப்போகிறார். "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கிறார். "நல்ல மட்டை ஒன்று" என்கிறான் பையன். மருமகன் மீதுள்ள அன்பினால், கடையில் உள்ளவற்றுள் விலை கூடியதும் வேகம் மிகுந்ததுமான காபன் மட்டையை மாமா வாங்கி வருகிறார். பையனுக்கு ஆனந்தம். ஆனால் அன்று முதல் அவன் அடிக்கும் பந்து மேசையைக் கடந்து சுவரில் மோதுகிறது. சில வாரங்களில் அவன் வீசி அடிக்கவே அஞ்சிப் பந்தை மெல்லத் தட்டிவிடத் தொடங்குகிறான். குற்றம் மாமாவினுடையதும் அன்று, பையனுடையதும் அன்று. கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், கைக்கும் மட்டைக்கும் ஒரு பொருத்தமாவது பார்க்க மறந்துவிடுகிறோம். அந்தப் பொருத்தத்தைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

மட்டை என்று நாம் சொல்வது இரண்டு பொருள்களின் சேர்க்கை. ஒன்று மரப் பலகை; மற்றது அதன் இருபுறமும் ஒட்டப்படும் றப்பர். றப்பர் தேயும், மாற்றிவிடலாம். பலகையோ பல ஆண்டுகள் கூட இருப்பது. ஆகையால் பலகையைத் தெரிவு செய்வதிலேயே கூடிய கவனம் வேண்டும்.

அப்பலகை ஒரே மரத்துண்டாக இருப்பது அரிது. பெரும்பாலும் ஐந்து அல்லது ஏழு மெல்லிய மரத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்வார்கள். நடுவே ஜப்பானியர் கிரி என்று அழைக்கும் இலேசான மரம் இருக்கலாம். மேலே லிம்பா, கோட்டோ முதலிய ஆபிரிக்க மரங்கள் இருக்கலாம். மொத்தத் தடிப்பு ஏறக்குறைய 6 மில்லிமீற்றர். இம்மரத் தகடுகளுக்கிடையே காபன் இழையால் நெய்த மெல்லிய துணியை வைத்து ஒட்டினால் அதுவே காபன் பலகை. சர்வதேச மேசைப்பந்துச் சம்மேளனத்தின் விதிப்படி பலகையின் தடிப்பில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருத்தல் வேண்டும். எந்த ஓர் இழைப் படையும் மொத்தத் தடிப்பில் 7.5 சதவீதத்தையோ 0.35 மில்லிமீற்றரையோ, இரண்டில் எது சிறிதோ அதனை, மீறலாகாது. ஆகவே காபன் மட்டையும் அடிப்படையில் மர மட்டையே.

இத்துணை மெல்லிய படை இவ்வளவு வேகத்தைத் தருவது எப்படி? அதற்கு விடை நம் வளவுகளிலேயே நிற்கிறது. பனைமரத்தை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதன் நடுப்பகுதி மென்மையானது. கரிய நார் நிறைந்த வைரம் வெளிப்புறத்திலேயே இருக்கிறது. காற்று ஒரு மரத்தை வளைக்கும்போது ஒரு பக்கம் நீள்கிறது, மறுபக்கம் சுருங்குகிறது, நடுப்பகுதியோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. எனவே வலிமையான பொருள் நடுவை விட்டு விலகி இருக்கும் அளவுக்கு மரம் வளைய மறுக்கிறது. பலகையிலும் இதே நியாயந்தான். காபன் படை வெளிப்புறத் தகட்டுக்கு நேர் கீழே இருந்தால் பலகை மிக விறைப்பாகும். அதே படையை உள்ளே, நடுமரத்தை ஒட்டி வைத்தால் விறைப்புக் குறையும்.

விறைப்பான பலகை பந்து படும்போது குறைவாக வளைகிறது. வளைந்து அதிர்வதில் வீணாகும் சக்தி குறைவதனால் பந்து வேகமாகத் திரும்புகிறது. விளிம்பை நோக்கிச் சற்று விலகிப் பட்ட பந்தும் ஏறக்குறைய அதே வேகத்துடன் செல்கிறது. இவை காபனின் நன்மைகள். ஆனால் பந்து மட்டையில் தங்கும் நேரம் ஏறக்குறைய ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குதான். விறைப்பு அந்நேரத்தை மேலும் சுருக்குகிறது. பந்து எங்கே பட்டது, எவ்வளவு சுழன்று வந்தது என்பதைக் கைக்குச் சொல்லும் அதிர்வும் மங்குகிறது. இதைத்தான் ஆட்டக்காரர் கையுணர்வு என்கின்றனர். வேகத்தை வாங்கும்போது கையுணர்வில் ஒரு பகுதியை விலையாகக் கொடுக்கிறோம். இந்த இழப்பைக் குறைக்கவே காபனுடன் அரிலேட் என்னும் மென்மையான இழையையும் சேர்த்து நெய்கிறார்கள்.

இனி, யாருக்கு எது? சுழற்பந்தை நிதானமாக உயர்த்தி அடிக்க இன்னும் பழகாதவருக்குக் காபனே வேண்டாம். ஐந்து தகடு கொண்ட முழுமர மட்டை போதும். முன்கையாலும் பின்கையாலும் தவறாமல் ஐம்பது முறை தொடர்ந்து அடிக்க வல்லவர், மேசையை விட்டுச் சற்று விலகி நின்று சுழற்றி ஆடுபவரானால், உள்ளே காபன் வைத்த பலகையைப் பரீட்சித்துப் பார்க்கலாம். மேசையருகே நின்று எதிரியின் வேகத்தையே திருப்பி அடிப்பவருக்கு வெளிப்படைக் காபன் பொருந்தும். பின்னே நின்று வெட்டி ஆடும் தற்காப்பு வீரருக்குப் பெரும்பாலும் மரமே நல்லது.

கடையிலோ நண்பரிடமோ வெறும் பலகை கிடைத்தால், அதன்மீது பந்தைத் தட்டி ஒலியைக் கேளுங்கள். பட்டத்தில் விண் பூட்டிப் பறக்கவிட்ட வடமராட்சிப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இறுக்கிக் கட்டிய விண் உச்சக் குரலில் பாடும். தளர்ந்தது தாழ்ந்த குரலில் பாடும். விறைப்பான பலகையும் அவ்வாறே உயர்ந்த ஒலி தரும். நிறையையும் பாருங்கள். பலகை 85 முதல் 90 கிராம் வரை இருந்தால், இரு றப்பர்களும் சேர 180 கிராம் அளவில் வந்து நிற்கும். இளம் மணிக்கட்டுக்கு அதற்கு மேல் பாரம். காபன் பலகைக்கு முதன்முதல் மாறுபவர், மிகத் தடித்த பஞ்சுள்ள றப்பரைத் தவிர்த்து 1.8 அல்லது 2 மில்லிமீற்றர் பஞ்சுள்ளதை ஒட்டுவது புத்தி.

மூன்று புறமும் கடல் சூழ்ந்த நம் குடாநாட்டில் ஈரம் மரத்தின் பகை. மாரி காலத்தில் மட்டையை உறையிலிட்டு வையுங்கள். வெயிலில் காயும் தகரக் கூரையின் கீழும் வைக்காதீர்கள். பழைய றப்பரை உரிக்கும்போது மரச் சிராய் கிளம்பாதிருக்க, புதுப் பலகைக்கு மெல்லிய வார்னிஷ் ஒரு முறை பூசுவது நல்லது.

கருவி ஆட்டத்தை மாற்றாதா என்று சிலர் கேட்கலாம். மாற்றும். 1952இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பானைச் சேர்ந்த ஹிரோஜி சாட்டோ தடித்த பஞ்சு மட்டையுடன் வந்து ஒற்றையர் பட்டத்தை வென்றார். ஒலி எழுப்பாத அந்த மட்டையின் முன் பெரிய வீரர்கள் தடுமாறினர். ஆனால் 1959இல் சம்மேளனம் மட்டையின் மேற்பரப்புக்கு வரம்பு விதித்தது. கருவி தந்த வியப்பு நெடுநாள் நிலைக்கவில்லை.

மறுபுறம், சென்னையைச் சேர்ந்த சரத் கமலைப் பாருங்கள். 2006இல் மெல்பேர்ணிலும், 2022இல் தம் நாற்பதாவது வயதில் பேர்மிங்ஹாமிலும் பொதுநலவாய விளையாட்டின் ஒற்றையர் தங்கத்தை வென்றார். அந்தப் பதினாறு ஆண்டுகளுக்குள் பழைய ஒட்டுப்பசை 2008இல் தடைபட்டது. 2014இல் செலுலோயிட் பந்து போய்ப் பிளாஸ்டிக் பந்து வந்தது. பசையும் பந்தும் மாறிய பின்னும் வென்றது பழகிய கை.

ஆதலால் மாமாமார்களுக்கு ஒரு வேண்டுகோள். மட்டை வாங்குமுன் பிள்ளையின் ஆட்டத்தைப் பயிற்றுவிப்பவரிடம் ஒரு சொல் கேளுங்கள். அவர் மரமட்டை போதும் என்றால் அதையே வாங்கி, மிச்சப் பணத்திற்கு நல்ல பந்துகள் நிறைய வாங்கி வாருங்கள். பந்து நிறைய இருந்தால் பயிற்சி நிறையும். பயிற்சி நிறைந்த கை, தனக்கு வேண்டிய வேகத்தைத் தானே கேட்கும். காபன் மட்டையை அன்றைக்கு வாங்கிக் கொடுக்கலாம்.